25-இல் ஒரு பங்கு பெல் ஏர்: 1957 ஷெவ்ரலே மாடல் கிட் செய்ய முழுமையான வழிகாட்டி

1957 ஷெவ்ரலே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம். 25-ஆல் வகுத்தால் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 115 அங்குலம். மாடலில் அது 117 மி.மீ. இந்த வகுத்தலை கிட் செய்த நிறுவனமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. மீதி வகுத்தல் நம் தலையில். நிஜ எஞ்சினில் ஸ்பார்க் பிளக் வயரின் தடிமன் 7 மி.மீ.; மாடலில் 0.28 மி.மீ. கதவுக்கும் பாடிக்கும் இடையே 5 மி.மீ. இடுக்கு என்றால் மாடலில் 0.2 மி.மீ. பெயின்ட் கொஞ்சம் தடித்தாலே அந்த இடுக்கு மூடிக்கொள்ளும். மாடலைப் பார்த்ததும் "பொம்மை" என்று தோன்றினால், எங்கோ ஒரு தடிமன் 25-ஆல் வகுபடாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

கிட் வாங்கும்போது

அமெரிக்க கார் கிட்டுகளில் 1/25, 1/24 என்று இரண்டு அளவுகள் புழங்குகின்றன. கார் விற்பனையகங்களுக்காக விளம்பர மாடல்கள் செய்துவந்த ஏ.எம்.டி. நிறுவனம் 1/25-ஐப் பிடித்துக்கொண்டது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யக்கூடிய கிட்டுகளை 1958-இல் கொண்டுவந்ததும் அவர்கள்தான். மானோகிராம் நிறுவனத்தின் கிட்டுகள் பெரும்பாலும் 1/24. பெல் ஏரின் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் எட்டரை மி.மீ. வேறு கிட்டிலிருந்து எஞ்சினோ சக்கரமோ எடுத்துப் போடலாம், கண்ணுக்குத் தெரியாது. பம்பரையும் கண்ணாடியையும் அப்படி மாற்ற முடியாது.

கதவு, பானெட், டிக்கி எல்லாம் திறக்கும் பழைய ரெவெல் நிறுவன அச்சு ஒன்று உண்டு. பெட்டியில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் திறக்கும் ஒவ்வொரு கதவும் இரண்டு இடுக்குகள். கீல் அரை மி.மீ. விலகினாலும் பக்கவாட்டு குரோம் பட்டை நேர்கோட்டில் வராது. முதல் இரண்டு மூன்று கார்களுக்கு அது வேண்டாம். பானெட் மட்டும் திறக்கும் புதிய அச்சு போதும்.

பெட்டியைத் திறந்ததும் மூன்றைப் பாருங்கள். பாடியைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா? ரப்பர் மாதிரி இருக்கும் டயர்கள் வேறு பிளாஸ்டிக் பாகத்தில் உரசிக்கொண்டு கிடக்கின்றனவா? அந்த டயரிலிருந்து கசியும் மென்மையாக்கி, கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரீனை உருக்கிப் பள்ளமாக்கிவிடும். பழைய கிட்டுகளில் முன்கண்ணாடியிலேயே டயர் தடம் பதிந்திருப்பது சகஜம். டயர்களை உடனே தனிப் பையில் போட்டுவிடுங்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டும் கட்டர், கூர்நுனி பிளேடு பத்தேனும், 400 முதல் 2000 வரை வாட்டர் பேப்பர், 0.35, 0.5, 1 மி.மீ. துளைக்கம்பிகளும் அவற்றைப் பிடிக்கும் கை டிரில்லும், நுனி மெல்லிய இடுக்கி, 2 மி.மீ. மற்றும் 10 மி.மீ. மாஸ்கிங் டேப். பசை மூன்று விதம்: ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் நீர்த்த பசை (டமியா எக்ஸ்ட்ரா தின் போன்றது), உலோகத்துக்கும் ரெசினுக்கும் சூப்பர் க்ளூ, கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து வெள்ளைப் புகைபோல் நின்றுவிடும்.

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியையும் என்.சி. தின்னரையும் அப்படியே எடுத்துவரத் தோன்றும். என்.சி. தின்னர் ஸ்டைரீனைத் தின்னும். அதில் கலந்த பெயின்டை ஈரமாக அடித்தால் பாடியின் மேற்பரப்பு வறண்ட வயல்போல் வெடிக்கும். எந்த ஸ்ப்ரேயாக இருந்தாலும் முதலில் அதே கிட்டின் ஸ்ப்ரூ துண்டில் அடித்துப் பாருங்கள்.

பாடி: பெயின்டுக்கு முன்

பாகங்களைச் சட்டத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழலப் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் அந்த இடத்தில் மீன்கண் போல் விலகி நிற்கும்.

அடுத்து அச்சுக்கோடுகள். அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் மெல்லிய மேடு ஓடும். பெல் ஏரில் முன் மட்கார்டின் மேல் விளிம்பு, கூரையைத் தாங்கும் தூண்கள், வால் இறக்கையின் முதுகு ஆகிய இடங்களில் தேடுங்கள். பிளேடை நிமிர்த்திப் பிடித்து முதுகால் சுரண்டி, 600-ஆம் எண் தாளால் தண்ணீரில் தேயுங்கள். இந்தக் கோடு பிளாஸ்டிக்கில் தெரியாது. பளபளக்கும் பெயின்டில் தெரியும். சாம்பல் பிரைமரை லேசாக ஒரு தரம் அடித்தால் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும்.

கதவு, டிக்கி இடுக்குகளை இந்தக் கட்டத்திலேயே ஆழப்படுத்துங்கள். பிளேடின் முதுகையோ கோடு கீறும் ஊசியையோ இடுக்கில் வைத்து, அழுத்தாமல் பத்துப் பன்னிரண்டு தரம் இழுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் ஊசி வழுக்கிக் கதவின் குறுக்கே ஓடும். அந்தக் கீறலை மூட அரை நாள் பட்டி பார்க்க வேண்டிவரும். பிரைமர், நிறம், கிளியர் (நிறமற்ற பளபளப்பு மேல்பூச்சு) மூன்றும் சேர்ந்து 0.1 மி.மீ. ஏறினாலே இரு பக்கமும் சேர்த்து 0.2 மி.மீ. இடுக்கு அடைந்துபோகும். ஆழம் இருந்தால் நிழல் விழும். கண் அதை இடுக்கு என்று ஏற்றுக்கொள்ளும்.

இனி பலரும் தாண்டிப்போகும் படி ஒன்று. பெயின்ட் தொடுமுன், முழு காரையும் டேப்பாலும் ஒட்டும் களிமண்ணாலும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். ஃப்ரேமில் எஞ்சின், அதன்மேல் சீட்டுகள் வரும் உட்புறத் தொட்டி, கண்ணாடி, பாடி, பம்பர். ரேடியேட்டர் பானெட்டைத் தூக்குகிறதா, கண்ணாடி உட்புறத் தொட்டியில் முட்டுகிறதா, சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்கிறதா என்று இப்போது தெரிந்தால் ஒரு தேய்ப்பில் சரியாகும். பளபளக்கும் பாடியைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டால், அமுக்கிப் பொருத்தப் பார்ப்போம். கூரைத் தூண் முறியும்.

நிறம்

1957-க்கு ஷெவ்ரலே கொடுத்த நிறங்களில் மெட்டடார் ரெட், லார்க்ஸ்பர் ப்ளூ, டிராபிகல் டர்குவாய்ஸ், சர்ஃப் கிரீன், ஆனிக்ஸ் பிளாக், இந்தியா ஐவரி ஆகியவை அதிகம் பேசப்படுபவை. கூரை ஐவரி, உடல் டர்குவாய்ஸ் என்ற சேர்க்கையைத்தான் பலரும் மனத்தில் வைத்திருப்பார்கள். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. பின் மட்கார்டின் பக்கத்தில் ஆப்பு வடிவில் குரோம் பட்டைகளுக்கு நடுவே ஒரு பகுதி வரும். அதற்குக் கூரையின் நிறத்தைப் பூசிவிடுவார்கள். அப்படி வருவது ஒரு படி கீழான டூ-டென் மாடலில். பெல் ஏரில் அந்த இடத்தில் கோடுகோடாக வரிபோட்ட அலுமினியத் தகடு. இதைத் தவறவிட்டால், விவரம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மெட்டாலிக் நிறம் வேண்டுமென்றால் நிஜக் காருக்கான டச்-அப் பெயின்ட் வேண்டாம். அதன் மினுக்குத் துகள் 25-ஆல் வகுபடாதது. மாடலில் ஜிகினா தூவியதுபோல் இருக்கும்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்த கிட்டை வெள்ளையாக்கினால், இரண்டு நாளில் இளஞ்சிவப்பு ஊறி மேலே வரும். எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் நிற்காது. பிரைமருக்குப் பிறகு வெள்ளி நிறம் ஒரு முழு கோட் அடித்து, அதன்மேல் வெள்ளையைத் தொடங்குங்கள்.

ஸ்ப்ரே டின்னை 40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்திவையுங்கள். கை பொறுக்கும் சூடுதான், அதற்கு மேல் ஆபத்து. அழுத்தம் கூடித் துளி நுண்மையாகும். 15 முதல் 20 செ.மீ. தூரம். பட்டனை அழுத்துவதும் விடுவதும் பாடிக்கு வெளியே நடக்கட்டும். பாடியின் மேல் அழுத்தினால் முதல் துப்பலில் பெரிய துளி விழும். முதல் கோட் தூறல் போதும், அடியில் பிரைமர் தெரியட்டும். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. இருபது நிமிடம் கழித்து மூன்றாவதை மட்டும் ஈரமாக, வெளிச்சம் அதில் வழிவதுபோல் தெரியும்வரை அடியுங்கள். ஏர்பிரஷ் என்றால் லாக்கர் பெயின்ட் ஒரு பங்குக்கு மெதுவாகக் காயும் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ.

சென்னை, நாகப்பட்டினம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்கால மாலையில் லாக்கர் அடித்தால் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நேரம் பாருங்கள், பெரும்பாலும் நண்பகல். வெளுத்துவிட்டால் தேய்க்க வேண்டாம். வறண்ட நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இரண்டு நிறத்தில் வெளிர் நிறம் முதலில். கூரை ஐவரியை முடித்து, இரண்டு நாள் காயவிட்டு, எல்லையில் 2 மி.மீ. டேப்பை ஒட்டி நகத்தால் நன்றாக அமுக்குங்கள். மற்ற இடத்தை அகல டேப்பும் தாளும் மூடட்டும். டர்குவாய்ஸ் அடிக்குமுன் டேப்பின் விளிம்பில் அதே ஐவரியை ஒரு தூறல் அடியுங்கள். கசிவதானால் அதே நிறம் கசிந்து விளிம்பை அடைத்துவிடும். நிறம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுதாகக் காயுமுன், டேப்பைத் தன்மேலேயே மடித்து இழுங்கள்.

கிளியர் மூன்று கோட். டமியாவின் லாக்கர் கிளியர் ஸ்ப்ரே, டெகல்களின் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படங்கள்) மேல் ஈரமாக விழுந்தால் அவற்றைச் சுருக்கிவிடும். டெகல் இருக்கும் இடத்தில் முதல் இரண்டு கோட்டும் தூறலாகவே இருக்கட்டும். ஒர்க்‌ஷாப்பில் பூசும் டூ-கே (இறுக்கி கலந்து அடிக்கும் இரு பாக) கிளியர் கண்ணாடிபோல் வரும், உண்மைதான். அதில் ஐசோசயனேட் உண்டு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. வீட்டு அறையில் அதைத் தொடவே வேண்டாம்.

பிறகு ஒரு வாரம் பாடியைத் தொடக்கூடாது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள். தின்னர் வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை.

பாலிஷ்

துணிபோன்ற மெருகுத் தாள்களில் 3200, 3600, 4000, 6000, 8000, 12000 என்று வரிசையாகத் தண்ணீரில் தேய்த்து, பிறகு பாலிஷ் பசை. 3200-இல் ஆரஞ்சுத் தோல்போன்ற குழிகள் மறையும்வரை நில்லுங்கள். அதற்குப் பிந்திய எண்களின் வேலை முந்திய எண்ணின் கீறலை எடுப்பது மட்டுமே. பெல் ஏரில் விளிம்புகள் அதிகம்: இறக்கையின் முதுகு, பானெட்டின் மேடுகள், ஹெட்லைட் புருவம். பெயின்ட் விளிம்பில் தானாகவே மெல்லியதாக நிற்கும், இரண்டு தேய்ப்பில் பிரைமர் வெளியே வந்துவிடும். விளிம்பு மேல் 1 மி.மீ. அகலத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டு சமதளத்தைத் தேய்த்து, கடைசி இரண்டு தாளின்போது மட்டும் டேப்பை எடுத்துவிடுங்கள்.

குரோம்: ஃபாயில் வேலை

இந்தக் காரின் உயிர் இங்கேதான். வெள்ளிப் பெயின்டைத் தூரிகையால் தீட்டினால் அது வெள்ளிப் பெயின்டாகத்தான் தெரியும். பின்பக்கம் ஒட்டும் பசைகொண்ட பேர் மெட்டல் ஃபாயில் மனித முடியை விட மெல்லியது. பட்டையின் வளைவு, நுனி எல்லாவற்றையும் அப்படியே காட்டும்.

பட்டையை விட இரு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகத் துண்டு வெட்டி, இடுக்கியால் தூக்கி, இழுக்காமல் கிடத்துங்கள். விரலால் தடவி, காது குடையும் பஞ்சால் அமுக்கி, நுனியைச் சீவிய பல்குச்சியால் பட்டையின் இரு அடிவிளிம்பிலும் கோடுபோல் அழுத்துங்கள். அந்தக் கோடுதான் பிளேடுக்கு வழி. புதுப் பிளேடை மிகவும் சாய்த்துப் பிடித்து, அதன் சொந்த எடையில் இழுங்கள். அழுத்தினால் பெயின்ட் வெட்டுப்படும். ஃபாயில் கிழிந்து சுருண்டால் பிளேடு மழுங்கிவிட்டது. ஒரு காருக்கு ஆறேழு நுனி செலவாகும், கஞ்சத்தனம் வேண்டாம். கிழிந்த இடத்தில் மேலே இன்னொரு துண்டு ஒட்டி அமுக்கினால் சேர்மானம் தெரியாது. மிச்சப் பசையை மினரல் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். வாங்கி நாளான ஃபாயிலில் பசை வறண்டு நொறுங்கும். வேலை செய்பவர் கைமேல் பழி வரும்.

முதலில் முன்கண்ணாடிச் சுற்று, மழைநீர் ஓடும் விளிம்பு. பிறகு இறக்கையின் மேல் பட்டை. கடைசியில் நீளமான பக்கப் பட்டை. ஆப்பு வடிவத் தகடு குரோம் போல் கண்ணைப் பறிக்கக்கூடாது. அதற்கு மட்டும் மங்கலான அலுமினிய வகை ஃபாயிலைப் போட்டு, வரிகளுக்குள் பல்குச்சியை ஓட்டுங்கள். குரோமும் அலுமினியமும் பக்கத்தில் பக்கத்தில் வேறுவேறாகத் தெரியும்போது மாடல் ஒரு படி ஏறிவிடும்.

எழுத்துச் சின்னங்களுக்கு வேறு உபாயம். பிரைமருக்குப் பிறகு, நிறத்துக்கு முன், சின்னத்தின் மேல் சிறு சதுரம் ஃபாயில் ஒட்டி அமுக்குங்கள். அதன்மேலேயே நிறம் அடியுங்கள். அன்றைக்கே, தின்னரில் தொட்டுப் பிழிந்த துணியை விரல்நுனியில் இறுக்கிக் கட்டி, மேடாக நிற்கும் எழுத்தின் தலையை மட்டும் தடவினால் பெயின்ட் போய் ஃபாயில் தெரியும். துணி ஈரமாக இருந்தால் சுற்றியுள்ள நிறமும் போய்விடும்.

பெல் ஏருக்கே உரியது பொன்னிறம்: கிரில்லின் வலை, முன் மட்கார்டில் பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் அம்புச் சின்னங்கள். பொன் பெயின்ட் பூசாதீர்கள், பித்தளைப் பாத்திரம்போல் இருக்கும். குரோம் மேலேயே ஊடுருவித் தெரியும் மஞ்சளை, ஆரஞ்சு ஒரு துளி கலந்து, ஒரே கோட் பூசுங்கள். நிஜக் காரிலும் உலோகத்தின் மேல் நிறமேற்றிய பூச்சுதான். அடியிலிருந்து வெளிச்சம் வருவதால் அது பொன்னாகத் தெரியும்.

கிட்டில் வரும் குரோம் பம்பரில் அச்சுக்கோடு இருந்தால் பிளீச்சிங் திரவத்தில் ஊறவையுங்கள். சில நிமிடங்களில் அலுமினியப் பூச்சு கரைந்துபோகும். அந்தத் திரவத்தோடு டாய்லெட் கழுவும் ஆசிட் எதையும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கோட்டைத் தேய்த்து, பளபளப்புக் கருப்பு அடித்து, காய்ந்ததும் அல்கிளாட் என்ற குரோம் பெயின்டைத் தூறலாகப் பூசுங்கள். கருப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோம்.

எஞ்சின்

பாடி காயும் வாரத்தில் இதைச் செய்யலாம். 1957-இல் வந்த 283 கன அங்குல வி-8. நான்கு வாய்க் கார்புரேட்டரோடு 220 குதிரைத்திறன், எரிபொருள் உட்செலுத்தும் ராம்ஜெட் அமைப்போடு உச்சமாக 283. பிளாக் ஷெவ்ரலேயின் ஆரஞ்சு. புகைபோக்கி மேனிஃபோல்டு பெயின்ட் இல்லாத வார்ப்பிரும்பு. சூட்டில் துரு ஏறும். அடர் சாம்பலின் மேல் காய்ந்த தூரிகையால் பழுப்பைத் தொட்டுவிடுங்கள். அந்தக் காலத்துக் காரில் ஆல்டர்னேட்டர் கிடையாது, 12 வோல்ட் ஜெனரேட்டர்.

வயர் வேலைக்கு 0.3 மி.மீ. கருப்பு வயர் ஒன்பது துண்டு: பிளக்குக்கு எட்டு, காயிலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 40 மி.மீ. வெட்டுங்கள், நீளமாக இருந்தால் பிறகு குறைக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்னால் நிற்கும். அதன் மூடியில் 0.35 மி.மீ. துளை எட்டு வட்டமாக, நடுவில் ஒன்று. டிரைவர் பக்கம் (இந்த அமெரிக்கக் காரில் இடது) முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. சூப்பர் க்ளூவைத் துளையில் விடாமல் வயர் நுனியில் தொட்டுச் செருகுங்கள். ரேடியேட்டர் குழாய் 1.5 மி.மீ., பெட்ரோல் குழாய் 0.4 மி.மீ.; இவற்றைத் தடிமனாகப் போட்டுவிட்டால் மொத்த எஞ்சினும் சிறுத்துத் தெரியும்.

ஃப்ரேம், சக்கரம், உட்புறம்

ஃப்ரேம் அரைப் பளபளப்புக் கருப்பு. சக்கர அச்சுகளை ஒட்டும்போது ஃப்ரேமைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நான்கு சக்கரமும் தரை தொடுகின்றனவா என்று தாள் துண்டு செருகிப் பாருங்கள். பசை இறுகும்வரை மேலே சிறு எடை. ஒரு சக்கரம் தொங்குவது எவ்வளவு நல்ல பெயின்டையும் கெடுத்துவிடும். டயரில் வெள்ளைப் பட்டை 2 முதல் 2.5 மி.மீ. அகலம். பிற்காலக் கார்களின் மெல்லிய பட்டையை இதில் போட்டால் காரின் காலம் சில வருடம் தள்ளிப்போகும்.

உட்புறத்தில் சீட்டுக்கு மங்கலான கிளியர், டேஷ்போர்டின் மீட்டர் மேல் ஒரு சொட்டுப் பளபளப்புக் கிளியர். தரைக்குக் கார்ப்பெட் தூள்: அதே நிறப் பெயின்ட் ஈரமாக இருக்கும்போது சல்லடையால் தூவி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள்.

சேர்ப்பது

கண்ணாடி, உட்புறத் தொட்டி, ஃப்ரேம், பம்பர், விளக்கு என்ற வரிசை. குரோம் பாகத்தை ஒட்டுமுன் சேரும் இடத்தில் குரோமைச் சுரண்டுங்கள். இல்லாவிட்டால் பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்காமல் பூச்சை மட்டும் பிடித்து, பம்பர் கையோடு வந்துவிடும். ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள வலை வெறும் அலங்காரமல்ல, உட்புறத்துக்குக் காற்று போகும் வழி. நீர்த்த கருப்பு ஒரு சொட்டு அதற்குள் ஓடட்டும். பெட்ரோல் மூடியைத் தேடிப் பின் மட்கார்டில் வட்டம் கீறிவிட வேண்டாம். இந்தக் காரில் அது இடது இறக்கையின் பின்விளிம்புக் குரோமுக்குள் ஒளிந்திருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும்போது டயருக்கு அடியில் மிச்ச ஃபாயிலில் சிறு துண்டுகள் வெட்டிப் போடுங்கள். பெட்டியின் அடித்தட்டு ஸ்டைரீனாக இருந்தால், இரண்டு கோடையில் நான்கு டயரும் அதில் ஒட்டிக்கொள்ளும்.